தானாக உட்கார்ந்தால் ஒரு புள்ளி

அட்டை என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய தங்கைதான். புத்தக அட்டை இல்லை. ஈரமான இடத்தில் காலில் ஏறி ஒட்டிக்கொண்டு லேசில் விடாதே, அந்த அட்டை.

தங்கை என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தி மகள். மேல் மாடியில் குடியிருக்கிறாள். அட்டையைவிட ஒரே ஒரு மாதம்தான் இளையவள்.

"ஒரு மாசம்னாலும் மூத்தவ மூத்தவதான். என்னை அக்கான்னு கூப்பிடு" என்று அட்டை எத்தனையோ முறை அதட்டிப் பார்த்தாள்.

"போடி அட்டை!" என்பதுதான் எப்போதும் பதில்.

சும்மா விடுவாளா? அவளும் தங்கைக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தாள். பொருத்தமான பெயர்தான். அந்தப் பெண் நேராக உட்கார்ந்து யாருமே பார்த்ததில்லை. டிவி பார்க்கும்போதுகூட கால் சுவரில் இருக்கும், தலை தரையில் இருக்கும். "ரத்தமெல்லாம் மூளைக்குப் போகுது, அதான் நான் அறிவாளி" என்று வேறு சொல்லிக்கொள்வாள்.

இருவரும் ஜியு ஜிட்சு வகுப்புக்குப் போனார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான கூடம். படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். தரை முழுக்க மெத்தை விரித்திருக்கும்.

ஜியு ஜிட்சுவில் அடி, குத்து, உதை எதுவும் கிடையாது. கட்டிப் புரள வேண்டும். புரண்டுகொண்டே எதிராளியின் கையை மடக்கவோ நீட்டவோ முடியாதபடி பூட்டுப் போட வேண்டும். மாட்டிக்கொண்டவர் வலி வரும் முன்பே எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவார். 'தோற்றுவிட்டேன், விடு' என்று அர்த்தம். தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும். அந்தக் கூடத்தில் வேறு எதை மறந்தாலும் திட்டோடு போய்விடும். இதை மறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தடிமனான கோட்டும் பெல்ட்டும் போட்டு ஆடுவது ஒரு வகை. இவர்கள் ஆடியது கோட்டு இல்லாத வகை. அதற்கு நோ-கி என்று பெயர். உடம்போடு ஒட்டிய பனியன், அரைக்கால் சட்டை, அவ்வளவுதான். துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வியர்வையில் வழுக்கும் கையையும் காலையும்தான் பிடிக்க வேண்டும்.

அட்டையின் அம்மா தையல்காரர். இதைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டார்.

"துணியைத் தொடவே கூடாதா?"

"கூடாதும்மா. பிடிச்சா தப்பு."

"நல்ல விளையாட்டா இருக்கே! உங்க அப்பாவையும் சேர்த்துக்குவாங்களான்னு கேளு. நான் தைச்சு வைக்கிற துணியிலதான் மனுஷன் கை துடைக்கிறார்."

*

அந்த விளையாட்டில் பம்பரத்துக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எதிராளி தள்ளிவிடும் வரை காத்திருக்க மாட்டாள். தானாகவே தொப்பென்று கீழே உட்கார்ந்துவிடுவாள். பிறகு தோளில் உருண்டு, தலைகீழாகச் சுற்றி, எங்கிருந்தோ ஒரு காலைக் கொண்டு வருவாள். அந்தக் கால் எதிராளியின் கழுத்தைத் தாண்டி விழும்போது அவர் கை பூட்டுக்குள் இருக்கும். தன்னைவிடப் பெரிய பையன்களைக்கூட இப்படித் தட்ட வைத்திருக்கிறாள்.

இதையே இன்னும் பெரிதாக்கி ஒரு வித்தையைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். அக்காவும் தங்கையும் சேர்ந்துதான். மாடியில் கட்டில் மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு, வகுப்பு இல்லாத சாயங்காலமெல்லாம் அதே வேலை. முழுசாகத் தலைகீழாகப் போவதால் அதற்கு வவ்வால் என்று பெயர் வைத்தார்கள்.

சுற்றுவது பம்பரத்தின் வேலை. மேலே இருப்பது அட்டையின் வேலை. மேலே இருப்பவள் என்றால் சும்மா இல்லை. எங்கே பிடி இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பது பிடிபட்டிருப்பவளுக்குத்தான் தெரியும். சுற்றுகிறவளுக்குத் தெரியாது, அவள் கண்ணுக்கு மின்விசிறிதான் தெரியும்.

"இப்ப?" என்று தலைகீழாகக் கேட்பாள் பம்பரம்.

"தோள்கிட்ட இடம் இருக்கு. நான் வெளியே வந்துடுவேன்."

"இப்ப?"

"இப்ப நல்லா மாட்டிக்கிட்டேன். ஐயோ, தட்டுறேன், விடுடி!"

வவ்வால் முக்கால்வாசி தயாராகிவிட்டது. பம்பரத்துக்கு ஒரே ஓர் ஆசைதான். அதை ஒரு முறையாவது அவள் அம்மா பார்க்க வேண்டும். சித்தி பேருந்து ஓட்டுபவர். அவருக்கு ஒரு நாள் அதிகாலை வேலை, ஒரு நாள் ராத்திரி வேலை. மகள் ஆடுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

*

அப்போதுதான் போட்டி அறிவிப்பு வந்தது.

சொல்லிக் கொடுப்பவரைப் பிள்ளைகள் கோச் அக்கா என்று கூப்பிடுவார்கள். பகலில் கூரியர் வேன் ஓட்டுவார், மாலையில் வகுப்பு எடுப்பார். போன வருடம் அவருடைய பிள்ளைகள் போட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லோரும் ஆசை ஆசையாக விளையாடினார்கள், புள்ளிக் கணக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. "என்னதான் சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்று சில அப்பாக்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கோச் அக்கா அதை மறக்கவில்லை. யார்தான் மறப்பார்கள்?

இந்த முறை வெள்ளைப் பலகையில் விதிகளை எழுதிப் போட்டார்.

"நல்லா கேளுங்க. பூட்டுப் போட்டுத் தட்ட வச்சா அங்கேயே ஜெயிச்சாச்சு. ஆனா நேரம் ரொம்பக் கம்மி, அதுக்குள்ள பூட்டு விழறது கஷ்டம். அப்ப புள்ளியைத்தான் பார்ப்பாங்க. நின்னுக்கிட்டு இருக்கிறவங்களைக் கீழே தள்ளினா ரெண்டு புள்ளி. அப்புறம் இந்த வருஷம் ஒரு புது விதி." மார்க்கர் பேனாவால் அடிக்கோடு போட்டார். "யாரும் தள்ளாம தானா உட்கார்ந்தா, எதிராளிக்கு ஒரு புள்ளி."

எல்லோரும் திரும்பிப் பம்பரத்தைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குடா பார்க்குறீங்க? நான் இப்பவும் உட்கார்ந்துதானே இருக்கேன்!" என்றாள் அவள். கூடமே சிரித்தது. கோச் அக்காவும் சிரித்தார். ஆனால் அடிக்கோடு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து வகுப்பு மாறிப்போனது. "ரெண்டு எடு, இறுக்கிப் பிடி!" இதுதான் பாடம். எதிராளியைத் தள்ளு, இரண்டு புள்ளி வாங்கு, மணி அடிக்கும்வரை மேலேயே ஒட்டிக்கொண்டு கிட. புள்ளி எண்களைத் திருப்பிப் போடும் ஒரு பலகையைக்கூட வாங்கி வந்து சுவரோரம் வைத்தார்கள்.

ஒட்டிக்கொள்வதில் நம் அட்டையை மிஞ்ச ஆள் உண்டா? ஒரே வாரத்தில் வகுப்பிலேயே முதல் ஆளாகிவிட்டாள். "எல்லாரும் இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார் கோச் அக்கா. அட்டைக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் பயிற்சிக்குக் கீழே கிடந்து நசுங்கியது யார்? பம்பரம்தான். ஒரே எடை, ஒரே உயரம், வேறு யார் கிடைப்பார்கள்?

"ஏய், கடைசியா ஒரே ஒரு ஆட்டம், புள்ளி இல்லாம ஆடலாமாடி?" என்று கேட்பாள் பம்பரம், மூச்சு வாங்கிக்கொண்டே.

"போட்டி முடியட்டும்டி."

ஒரு நாள் மாலை மாடியில் வவ்வாலை முயற்சி செய்தார்கள். பம்பரம் அழகாகச் சுற்றி வந்தாள். ஆனால் கடைசி நேரத்தில் அட்டை முழங்கையை விலாவோடு ஒட்டினாள். கை சட்டென்று உருவிக்கொண்டு வந்துவிட்டது.

"எங்கேடி விட்டேன்?" என்று பம்பரம் எழுந்து உட்கார்ந்தாள்.

அட்டைக்குத் தெரியும். பம்பரம் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வியர்வையில் மணிக்கட்டு வழுக்கிவிட்டது. முழங்கை பிடியில்லாமல் சும்மா இருந்தது. ஆனால் அதை விளக்க ஆரம்பித்தால் மறுபடி பத்து முறை செய்து பார்க்கச் சொல்வாள். தன்னுடைய தள்ளும் பயிற்சிக்கு நேரம் போய்விடும்.

"போட்டி முடியட்டும், சொல்றேன். இப்ப நீ எழுந்து நில்லு, நான் ரெண்டு புள்ளி எடுக்கணும்."

பம்பரம் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

*

போட்டி நாள். பெரிய அரங்கம், எங்கு பார்த்தாலும் தண்ணீர் பாட்டிலும் பதற்றமும். அவர்கள் எடைப் பிரிவில் நான்கே பெண்கள்.

அட்டை தன் முதல் ஆட்டத்தில் எதிராளியைத் தள்ளினாள், இரண்டு புள்ளி எடுத்தாள், மணி அடிக்கும்வரை விடவில்லை. கீழே கிடந்த பெண் கடைசியில் அழுதேவிட்டாள். அட்டை அதைக் கவனிக்கவில்லை. புள்ளிப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பரம் தன் ஆட்டத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். எதிராளிக்கு ஒரு புள்ளி போனது. "என்ன இந்தப் பொண்ணு, வந்ததும் வராததுமா உட்கார்ந்துடுச்சு!" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் முன் அந்த எதிராளி தட்டிக்கொண்டிருந்தாள். அரங்கமே கைதட்டியது. அது வவ்வால் இல்லை, அதன் குட்டித் தம்பி. வவ்வாலை அவள் பத்திரமாக வைத்திருந்தாள், ஏனென்றால் சித்தி இன்னும் வந்து சேரவில்லை.

இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி வந்தார். காலை வேலையை முடித்த கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். அட்டையின் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"எதுடி அந்த வவ்வால்? எனக்குக் கைகாட்டு, இல்லன்னா எனக்குத் தெரியாது" என்று மகளிடம் கேட்டார்.

"உனக்கே தெரியும்மா. என் தலை எங்கே இருக்கும், கால் எங்கே இருக்கும்னே கண்டுபிடிக்க முடியாது" என்றாள் பம்பரம். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இறுதி ஆட்டத்தில் மோதியது அக்காவும் தங்கையும்.

ஒரே வகுப்புப் பிள்ளைகள் மோதினால் கோச் யாருக்கும் குரல் கொடுக்கக் கூடாது என்பது வழக்கம். கோச் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஆகையால் ஒன்றை நினைவில் வையுங்கள். அன்றைக்கு அட்டையிடம் 'இப்படி ஆடு, அப்படி ஆடு' என்று யாருமே சொல்லவில்லை.

இருவரும் வழக்கம்போல் உள்ளங்கை தட்டி, முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்டார்கள்.

"சும்மா வாடி, விளையாடலாம்" என்று பம்பரம் கிசுகிசுத்தாள். "அம்மா பார்க்கிறாங்க."

உட்கார்ந்தாள். பலகையில் அட்டையின் பக்கம் ஒன்று என்று திரும்பியது.

ஒன்று. பூஜ்யம். இனி ஒன்றுமே செய்ய வேண்டாம், தட்டாமல் இருந்தால் போதும். அட்டை இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பம்பரம் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாள். அட்டை மறுபடி நகர்ந்தாள். நடுவர், "விலகாதே, ஆடு!" என்று எச்சரித்தார்.

வேறு வழியில்லாமல் அட்டை உள்ளே போய்ப் பம்பரத்தின் மேல் கவிழ்ந்தாள். உடனே பம்பரத்தின் தோள் தரையில் உருண்டது. இடுப்பு மேலே எழும்பியது. கால் கூரையைப் பார்த்தது. வவ்வால்!

"ஆஹா!" என்று கூட்டத்தில் யாரோ எழுந்தே விட்டார்.

அட்டையின் மணிக்கட்டில் பிடி விழுந்தது. வியர்வை. வழுக்கல். இவ்வளவு நாளும் அட்டைக்குத் தெரிந்த அதே இடம். அவள் முழங்கையை விலாவோடு ஒட்டினாள்.

கை உருவிக்கொண்டு வந்துவிட்டது.

பிறகு அவள் பம்பரத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, மணி அடிக்கும்வரை கிடந்தாள். பம்பரம் புரண்டு பார்த்தாள், நெளிந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டது இருவருக்குமே கேட்டது.

நடுவர் அட்டையின் கையைத் தூக்கினார்.

பம்பரம் சண்டை போடவில்லை, அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கை குலுக்கினாள்.

"வாழ்த்துகள், அக்கா" என்றாள்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! அதைக் கேட்டதும் அட்டை குலுக்கிய கையை விட்டுவிட்டாள்.

வாசலில் சித்தி அட்டையின் தலையைத் தடவிக் கொடுத்தார். "ஜெயிச்சுட்டியே, என் தங்கம்! வவ்வால் எப்ப வரும், எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் வரவே இல்லையேடி?"

பாதியில் கலைந்துபோனதுதான் வவ்வால் என்று அறியாமல்தான் சித்தி கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

*

பதக்கம் தையல் மெஷினுக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கியது. அம்மா மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அது சுவரில் டக் டக்கென்று இடித்தது. அந்தச் சத்தமே அட்டைக்குப் பிடிக்காமல் போனது.

பம்பரம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படியில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா, அக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனாள். வாங்க, போங்க, அக்கா. யாரோ தபால்காரரிடம் பேசுவது போல!

"உங்க ரெண்டு பேருக்கும் என்னடி ஆச்சு?" என்று அம்மா கேட்டார். "அவ உன்னை அக்காங்கிறா, எனக்கே என்னமோ மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

வகுப்பில் இப்போது எல்லோரும் நன்றாகப் பிடித்தார்கள். தள்ளினார்கள், பிடித்தார்கள், மணி அடிக்கும்வரை ஒருவர் மேல் ஒருவர் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தார்கள். யாரும் சுற்றவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பூட்டில் மாட்டி யாராவது தட்டும் சத்தம் கேட்டே பல நாளாகிவிட்டது.

ஒரு நாள் கோச் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஜெயிச்சுட்டுத்தானே வந்தோம்? அப்புறம் ஏன் இந்தக் கூடம் இப்படிக் கிடக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அட்டை புள்ளிப் பலகையிடம் போனாள். "கோச் அக்கா, இதைக் கொஞ்ச நேரம் திருப்பி வைக்கட்டுமா? கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்?"

கோச் அக்கா யோசித்தார். "திருப்பி வை. அடுத்த போட்டிக்கு முன்னாடி நானும் இதைப் பத்தி யோசிக்கணும்."

அட்டை பலகையைச் சுவர் பக்கம் திருப்பினாள். "எல்லாரும் ஆடுங்க. புள்ளி கிடையாது!"

யாரும் அசையவில்லை. வகுப்பிலேயே சின்னவனான மிட்டாய் திருதிருவென்று விழித்தான்.

"புள்ளி இல்லன்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டான்.

அட்டைக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அவளும் மறந்துதான் போயிருந்தாள்.

"பம்பரம் அக்காவுக்குத் தெரியும்" என்றான் மிட்டாய். "அவங்க எப்ப வருவாங்க?"

*

அன்று வகுப்பு முடிந்ததும் அட்டை மாடிக்கு ஏறினாள். கதவைத் திறந்த பம்பரம், "வாங்க அக்கா" என்றாள்.

அட்டை உள்ளே போனாள். கட்டில் மெத்தை கட்டிலிலேயே இருந்தது. அதைத் தரைக்கு இழுத்துப் போட்டாள். அதன் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள். எந்தப் போட்டியிலும், எந்தப் பயிற்சியிலும் தானாக உட்கார்ந்தே அறியாதவள்!

"என்ன இது?" என்றாள் பம்பரம்.

"தானா உட்கார்ந்துட்டேன். உனக்கு ஒரு புள்ளி."

"எனக்கு உங்க புள்ளியெல்லாம் வேண்டாம்."

"முழங்கை" என்றாள் அட்டை.

"என்னது?"

"அன்னிக்குக் கேட்டியே, எங்கே விட்டேன்னு. மணிக்கட்டைப் பிடிச்சே, அது வழுக்கும். முழங்கைக்குப் பின்னாடி கையைக் கொக்கி மாதிரி போடணும். போட்டா என்னால உருவ முடியாது."

பம்பரம் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கேட்ட அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பைனல்லயும் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் முழங்கையை ஒட்டினேன்." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அட்டை அழுதாள். "போட்டி முடியட்டும், போட்டி முடியட்டும்னு சொல்லிச் சொல்லியே… சித்தி சட்டையைக்கூட மாத்தல, வேலை முடிஞ்சு ஓடி வந்தாங்க, பார்க்கணும்னு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்டி. எனக்கு அந்தப் பதக்கத்தைப் பார்க்கவே பிடிக்கல."

பம்பரம் ஆறுதல் சொல்லவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால்தானே சொல்லுவாள்! மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெத்தைக்கு வந்தாள்.

"எழுந்திரு. மேலே வா" என்றாள். வாங்க இல்லை, வா.

அட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். பம்பரம் உட்கார்ந்தாள். தோள் உருண்டது, இடுப்பு எழும்பியது, கால் மின்விசிறியைப் பார்த்தது. கை இந்த முறை மணிக்கட்டுக்குப் போகவில்லை. முழங்கைக்குப் பின்னால் கொக்கி விழுந்தது.

அட்டை வழக்கம்போல் முழங்கையை ஒட்டப் பார்த்தாள். ஒட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவள் கை முழுசாகப் பூட்டுக்குள் இருந்தது.

பம்பரத்தின் காலில் இரண்டு தட்டு தட்டினாள்.

அந்த நொடியே பிடி விட்டது.

இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். மூச்சு வாங்கியது.

"இவ்வளவுதானா?" என்றாள் பம்பரம் மெதுவாக.

"இவ்வளவுதான்."

அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. போட்டிக்கு முன்னால் எந்த மாலையிலும், எந்த நாளிலும் இதைச் செய்திருக்கலாம். இருவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சித்தி வேலை முடிந்து வந்திருந்தார். மெத்தை தரையில் கிடப்பதைப் பார்த்ததும் திட்டத்தான் வாயெடுத்தார். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், திட்டை விழுங்கிக்கொண்டார்.

"என்னடி நடக்குது இங்கே?"

"அம்மா, பையைக் கீழே வை. அங்கேயே நில்லு" என்றாள் பம்பரம்.

வவ்வால் மறுபடி பறந்தது. அட்டை இந்த முறை நிஜமாகவே தப்பிக்கப் பார்த்தாள். பலத்தை எல்லாம் போட்டுப் பார்த்தாள். விட்டுக்கொடுத்தால் அது பொய் வவ்வால் ஆகிவிடும் அல்லவா? முடியவில்லை. தட்டினாள்.

சித்தி காக்கிச் சட்டையோடு கதவில் சாய்ந்து நின்றார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"அடியம்மா! தலை எங்கே, கால் எங்கேன்னே தெரியலையே!" என்றார். "இதுவா வவ்வால்? இதுக்கு எத்தனை புள்ளி?"

"இதுக்குப் புள்ளியே கிடையாது சித்தி" என்றாள் அட்டை. "இது விழுந்தா அங்கேயே ஆட்டம் முடிஞ்சுது."

"அப்படின்னா அன்னிக்கு மட்டும் இது விழுந்திருந்தா…" என்று ஆரம்பித்த சித்தி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவதான் ஜெயிச்சிருப்பா சித்தி. அத்தனை பேரும் பார்த்திருப்பாங்க. நீங்களும் அங்கேயே பார்த்திருப்பீங்க. நான்தான்…"

அந்த நாளை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மெத்தையில் கிடந்த பம்பரம் காலால் அவளை ஓர் இடி இடித்தாள்.

"ஏய் அட்டை! வளவளன்னு பேசாம மேலே வா. அம்மா இன்னொரு தடவை பார்க்கணும்."